எரிமலைத் தீவில் ஆட்டு மந்தை

தாராவிச் சந்துகளில் சுவரொட்டியைக் கிழித்து மென்றுகொண்டு நிற்கும் வெள்ளாட்டைக் கண்டு நகைத்திருப்பீர்கள். கிடைத்ததைத் தின்று எங்கும் பிழைத்துக்கொள்ளும் பிராணி அது. அது தீண்டாத செடிகள் மிகச் சிலவே. அதனால்தான் போலும், ஆடாதோடை, ஆடுதீண்டாப்பாளை என ஆட்டைக் கொண்டே நம் முன்னோர் சில செடிகளுக்குப் பெயரிட்டனர்!

இத்தகைய ஆடு எரிமலையிலும் வாழுமோ? வாழும், அதுவும் நம் நாட்டிலேயே.

ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் எரிமலை இது ஒன்றே. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டரே தெரிகிறது. அடிவாரமோ இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஆழ்கடலில் மறைந்து கிடக்கிறது. 1787-இல் இது சீறியதைக் கண்டவர் எழுதி வைத்தனர். பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி, 1991-இல் மீண்டும் விழித்தது. அதன் பின்னும் பன்முறை கனன்றுள்ளது.

அங்கே மனிதர் குடியில்லை. ஆயினும் மனிதர் என்றோ கப்பலில் கொண்டுவந்து விட்ட ஆடுகளின் சந்ததி காட்டாடுகளாகித் திரிவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். உட்புறம் கருகிய பாறையும் சாம்பலும். பழைய வெளிச்சுவரின் சரிவுகளிலோ பசுங்காடு. அந்தப் பசுமையே அவற்றின் வாழ்வு.

ஆட்டின் துணிவை மெச்சத் தோன்றுகிறதன்றோ? ஆனால் வேறு எரிமலைத் தீவுகளின் கதையையும் கேளுங்கள்.

பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது இசபெலா. அதன் ஆல்செடோ எரிமலையில் மரங்கள் மூடுபனியைப் பிடித்து நீராகச் சொட்டும்; அந்நீர் தேங்கிய குட்டைகளில் மாபெரும் ஆமைகள் தாகம் தணித்தன. ஆடுகள் பெருகிப் பசுமையைத் தின்றன, மரம் குறைந்தது, குட்டையும் வற்றியது. இறுதியில், 2006 வாக்கில், பல்லாயிரக்கணக்கான ஆடுகள் கொல்லப்பட்டன. சில ஆடுகளின் கழுத்தில் வானொலிக் கருவியைக் கட்டிவிட்டனர். அவை இனத்தைத் தேடிச் சென்றன, வேட்டைக்காரர் பின்தொடர்ந்தனர்!

ஹவாயின் மௌனகேயா எரிமலையிலும் இவ்வாறே. அங்கே காட்டுச் செம்மறிகளும் வெள்ளாடுகளும் மாமனே மரத்தின் இளங்கன்றுகளை மேய்ந்தன. அம்மரத்தின் காய்களையே நம்பி வாழ்வது பலீலா என்னும் சிறு பறவை. வழக்கு மன்றம் ஏறியது. பறவையைக் காக்க ஆடுகளை அகற்றுமாறு 1979-இல் நீதிபதி தீர்ப்பளித்தார்.

இங்கே குற்றவாளி யார்? எரிமலையா? அது சுட்டெரித்த இடத்தில் காலப்போக்கில் மீண்டும் புல் முளைக்கிறது. நாம் வாழும் பம்பாய் மண்ணே சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்ததுதான். அந்தேரியின் கில்பர்ட் குன்று அதற்குச் சான்று. ஆடா? பசித்தால் மேய்வது அதன் இயல்பு. மேய்ப்பனும் புலியும் இல்லாத தீவில் அதை இறக்கிவிட்டுப் போன மனிதனே பொறுப்பாளி. அவன் செய்த பிழைக்கு முதலில் மரம் உயிர் கொடுத்தது. பின்னர் ஆடு கொடுத்தது.

பாரன் தீவு இன்று வனவிலங்குச் சரணாலயம். அங்கே காக்கப்பட வேண்டியவை எவை? ஆடுகளா, அவை மேயும் காடா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொடுமை பிற தீவுகளில் நேர்ந்தது. இனியொரு தீவில் அது நேராதிருக்க, ஓர் உயிரைப் புது இடத்தில் விடுமுன் சற்றே சிந்திப்போமாக!