ஏரி வண்டலில் ஒளிந்திருக்கும் மழைக் கணக்கு!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது.

இப்படி ஒரு மழைக்குப் பிறகு எல்லா ஊர்த் திண்ணைகளிலும் வழக்கமாக ஒரு பேச்சு எழும். ‘எங்க காலத்துல இப்படிப் பார்த்ததே இல்லை!’ வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில், ஏரிகளையும் வயல்களையும் நம்பி இருக்கும் கரிக்கலாம்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இது வெறும் பேச்சு அல்ல. மழை கூடினாலும் குறைந்தாலும் முதல் அடி இங்கேதான் விழும்.

ஆனால், ‘எங்க காலம்’ என்பது அதிகபட்சம் 80 ஆண்டுகள். கருவிகளால் மழையை அளந்த கணக்கைத் தேடினால், சென்னையிலேயே சுமார் 200 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அதற்கும் முன்னால் 5,000 ஆண்டுகளுக்கு மழை எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது?

விஞ்ஞானிகள் ஏரியின் அடியில் கிடக்கும் சேற்றைக் கேட்கிறார்கள்!

கண்ணுக்குத் தெரியாத படிவம்

புதைபடிவம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது, பக்கத்தில் இருக்கும் திருவக்கரை கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கும் இடம் அது. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களின் உடல் அப்படி எளிதில் கல்லாவதில்லை. செத்ததும் மட்கிவிடும். ஆனால், அவற்றின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் உள்ள சில கொழுப்புகள் மட்டும் லேசில் மட்காது. சேற்றில் புதைந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் உருவம் குலையாமல் இருக்கும். இவைதான் ‘மூலக்கூறு புதைபடிவங்கள்’.

ஏரியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மெல்லிய வண்டல் அடுக்கு படியும். மேலே இருப்பது புதியது, கீழே போகப் போகப் பழையது. நீண்ட குழாயை அடிமண்ணில் இறக்கி, அடுக்கு கலையாமல் உருவி எடுப்பார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ரேடியோ கார்பன் முறையில் வயது பார்ப்பார்கள். பிறகு, ஒவ்வொரு துண்டிலிருந்தும் கொழுப்பைக் கரைத்துப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் அதன் வடிவத்தைப் படிப்பார்கள்.

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

கொழுப்பைப் பார்த்தால் அந்தக் கால வெப்பநிலை எப்படித் தெரியும்? பதில் நம் சமையலறையிலேயே இருக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். நல்லெண்ணெய் உறையாது. காரணம், இரண்டின் கொழுப்பு அமைப்பும் வேறு வேறு.

பாக்டீரியாவின் சவ்வும் உறைந்துவிடக் கூடாது. அதனால், குளிர்ந்த இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்களின் கொழுப்பில் ‘மெத்தில்’ எனும் சிறு கிளைகள் அதிகமாக இருக்கும். சூடு கூடக் கூட, கிளைகள் குறையும். நெதர்லாந்து விஞ்ஞானிகள் பல நாட்டு மண்ணை ஆராய்ந்து, கிளைகளின் எண்ணிக்கைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை 2007-ல் வெளியிட்டார்கள். இந்தக் கொழுப்புகளை உருவாக்குவது எந்த பாக்டீரியா என்பது அப்போது புதிராகவே இருந்தது. அசிடோபாக்டீரியா வகையைச் சேர்ந்த ஒன்று இவற்றை உருவாக்குகிறது என்று 2022-ல் ஆய்வகத்தில் வளர்த்தே காட்டினார்கள்.

லோனார் ஏரியின் கதை

இந்தியாவில் இப்படி நுணுக்கமாகப் படிக்கப்பட்ட ஏரிகளில் முக்கியமானது, மகாராஷ்டிராவின் லோனார். விண்கல் விழுந்த பள்ளத்தில் உருவான உப்பு ஏரி. 2020 ஜூனில் திடீரென ரோஜா நிறமாக மாறிச் செய்திகளில் வந்ததே, அதேதான். உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களால்தான் அந்த நிறம் வந்தது என்றது புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம். இத்தகைய நுண்ணுயிர்களும் சேற்றில் தங்கள் கொழுப்பை விட்டுச் செல்கின்றன. தண்ணீர் வற்றி உப்பு ஏறிய காலத்தை அவை காட்டிக்கொடுக்கும்.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகர ஆய்வாளர்கள் சுஷ்மா பிரசாத், சாஸ்வதி சர்க்கார் உள்ளிட்டோர், லோனாரில் எடுத்த சுமார் 10 மீட்டர் நீள வண்டலை ஆராய்ந்தார்கள். நுண்ணுயிர்க் கொழுப்பு, இலைகளின் மேல் இருக்கும் மெழுகு, வறட்சியில் உருவாகும் ‘கேலுசைட்’ உப்புப் படிகம் எனப் பல சாட்சிகள் கிடைத்தன. சுமார் 10,400 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன்புவரை நல்ல மழைக்காலம். அதன்பின் மெல்ல வறட்சி. 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பும் இரண்டு நெடிய வறட்சிக் காலங்கள்!

இரண்டு, மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தாலே ஊர் தவித்துப்போகிறது. பருவமழை பல நூறு ஆண்டுகள் தளர்ந்தே கிடந்த காலமும் இந்த நாட்டில் உண்டு என்கிறது லோனார் சேறு.

பாகூர் ஏரியைப் படிக்க முடியுமா?

லோனாரின் கணக்கை அப்படியே புதுச்சேரிக்குப் பொருத்த முடியாது. அங்கே பெய்வது தென்மேற்குப் பருவமழை. இங்கே பெரும்பகுதி, ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை.

அப்படியானால் உள்ளூர் ஏரிச் சேற்றையே படிக்கலாமே? அதில் சில சிக்கல்கள் உண்டு. பாகூர் ஏரிக்கு பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. அந்த ஆறு கர்நாடகத்தில் பிறந்து வருவதால், வழியெங்கும் உள்ள மண்ணின் கொழுப்பும் சேர்ந்தே வந்து கலக்கும். கோடையில் ஏரி வற்றினால் காற்று பட்டு கொழுப்பு சிதையும். வண்டல் எடுத்தாலோ அடுக்குகளே கலைந்துவிடும். வயலுக்கு அது நல்ல உரம்தான். ஆனால், ஆய்வாளருக்கு அது பக்கம் கிழிந்த புத்தகம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டினால், குறைவதற்கு மெத்தில் கிளைகளே மிச்சமிருக்காது. புதுச்சேரி வெயிலில் இந்தத் தெர்மாமீட்டர் நின்றுவிடும்! சமவெளியில் மழையைச் சொல்லும் இலை மெழுகும், உப்பைச் சொல்லும் நுண்ணுயிர்க் கொழுப்புமே கைகொடுக்கும். கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால் வங்கக் கடலடியில் எடுத்த வண்டலின் இலை மெழுகும், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வறட்சியையே காட்டியது.

சேறு சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. ஃபெஞ்சல் போன்ற ஒருநாள் மழையைக் கொழுப்புகள் தனியாகக் காட்டாது. பல பத்தாண்டுகளின் சராசரிதான் அவற்றில் பதியும். வெப்பநிலையிலும் சில டிகிரி முன்பின் ஆகலாம். ஆனால், கருவிகள் வருவதற்கு முன் மழை எந்த அளவுக்குக் கூடியது, எந்த அளவுக்குக் குறைந்தது என்ற கணக்குக்கு இப்படிச் சில சாட்சிகளே இருக்கின்றன. இனி ஏரியை எவ்வளவு ஆழப்படுத்துவது, கரையை எவ்வளவு உயர்த்துவது என்று யோசிப்பவர்களுக்கு, கடந்த 100 ஆண்டு மழை மட்டும் போதாது.

அடுத்த கோடையில் ஏரியில் வண்டல் வெட்டும்போது, பள்ளத்தின் பக்கச் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கறுப்பும் பழுப்புமாகக் கோடுகள் தெரிந்தால், அவை எப்போதோ வந்த வெள்ளமாகவோ, வறட்சியாகவோ இருக்கலாம்!