டீசல் உட்செலுத்துப் பம்பில் கவர்னர்: எரிபொருள் கட்டுப்பாடும் வேகச்சரிவும்

டீசல் எஞ்சினின் வேகத்தை உட்செலுத்தப்படும் எரிபொருளின் அளவே தீர்மானிக்கிறது. பெரம்பலூர்க் கரிசல் நிலத்தை உழும் டிராக்டரில் கலப்பையை உயர்த்தியதும் சுமை நீங்குகிறது. அப்போது எரிபொருள் குறையாவிடில் எஞ்சின் கட்டுமீறிச் சுழலும். இதனைத் தடுப்பது கவர்னர்.

வரிசைப் பம்பின் கேம் தண்டோடு சுழலும் எடைகள் மையவிலக்கு விசையால் விரிய முயல்கின்றன; சுருள்வில் அவற்றை எதிர்க்கிறது. வேகம் மிகும்போது எடைகள் விரிந்து ராக்கை நகர்த்த, ராக் பிளஞ்சரைத் திருப்புகிறது. பிளஞ்சரின் முழு வீச்சு மாறுவதில்லை. அதன் சாய்வெட்டு வழிதுளையை முன்னதாகத் திறப்பதால் செலுத்தப்படும் டீசல் குறைகிறது.

வேகம் இருமடங்கானால் மையவிலக்கு விசை நான்மடங்காகும். ஆகவே வெற்றோட்டத்திற்கு ஏற்ற மென்வில் உச்ச வேகத்திற்குப் போதாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி போன்ற வாகனங்களுக்குரிய இருவேகக் கவர்னர் இவ்விரு எல்லைகளை மட்டும் தனித்தனி வில்களால் காக்கிறது. இடையில் ஓட்டுநரின் மிதியே ராக்கை நகர்த்துகிறது. டிராக்டருக்குரிய அனைத்துவேகக் கவர்னரிலோ நெம்புகோல் வில்லின் இழுவிசையை மாற்றுகிறது. தேர்ந்த வேகத்தைக் கவர்னரே பேணுகிறது.

கவர்னர் சுமையை நேரடியாக அறிவதில்லை. வேகம் குறைந்த பின்னரே எரிபொருளைக் கூட்டுகிறது. எனவே சுமை ஏறும்போது தோன்றும் சிறு வேகச்சரிவு பழுதன்று, கருவியின் இயல்பு. அதனைப் போக்கக் கருதி உச்சவேக வில்லை இறுக்கினால், எஞ்சினைக் காக்கும் வேக வரம்பே உயர்ந்துவிடும்.