திரும்பி வரும் வழி

ஊரைப் பிரிந்து தொலைவில் வாழ்வோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஊர் திரும்புவதற்குத் தடையாய் நிற்பது எப்பொழுதும் வழியின் நெடுமையன்று. வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்னும் கூச்சமே பல வேளைகளில் பெருந்தடையாகிறது. செய்தி அனுப்பாமல் விட்ட ஒரு மாதம் ஓராண்டாக வளர்வதும் இதனாலேதான். கடவுளை மறந்து நெடுங்காலம் வாழ்ந்தவர் நிலையும் இத்தகையதே. ‘இனி எந்த முகத்தோடு அவர் திருமுன் செல்வது?’ என்று அவர் தயங்குகிறார். அத்தயக்கத்தினாலேயே மேலும் விலகிப் போகிறார். இதற்கு இயேசு பெருமான் அளித்த விடையே, ‘கெட்ட குமாரன்’ என்று நம் கிறிஸ்தவ மக்கள் வழங்கும் உவமை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் அது காணப்படுகிறது. பாவிகளோடு இவர் பந்தியமர்கிறாரே என்று பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்தபோது, இயேசு மூன்று உவமைகளைக் கூறினார். நூறு ஆடுகளுள் ஒன்று வழிதவறியது. பத்து வெள்ளிக் காசுகளுள் ஒன்று தொலைந்தது. இரு மைந்தருள் ஒருவன் வீட்டைவிட்டுப் போனான். ஆடு தொலைந்தது வெளியிலே. காசு தொலைந்ததோ வீட்டுக்குள்ளேயே. இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

இளைய மைந்தன், தந்தை உயிரோடிருக்கையிலேயே தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்டான். மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு என்பது மோசேயின் சட்டம். ஆதலால் இளையவனுக்கு உரியது மூன்றில் ஒரு பங்கு. அதனைத் தூரதேசத்தில் அழித்தான். பஞ்சம் வந்தது. யூதர் தீட்டெனக் கருதும் பன்றிகளை மேய்க்கும் வேலையே அவனுக்குக் கிடைத்தது. அவை தின்னும் தீனியாவது கிடைக்காதா என்று ஏங்கினான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘தவிடு’ என்றிருப்பது, கிரேக்க மூலத்தில் ஒருவகை மரத்தின் நெற்றைக் குறிக்கும் சொல்லாகும். அதையும் அவனுக்குக் கொடுப்பாரில்லை.

அப்பொழுதுதான் அவனுக்குத் தெளிவு பிறந்தது. தந்தையிடம் சொல்லவேண்டிய சொற்களை அவன் முன்கூட்டியே அமைத்துக்கொள்கிறான். தன் குற்றத்தை ஒப்புக்கொள்வது, மகன் எனப்படத் தகுதியில்லை என்பது, கூலியாட்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுவது என மூன்று பகுதிகள் அதில் உள்ளன. ஆனால் அவன் தொலைவில் வரும்போதே தந்தை கண்டுகொள்கிறார். மனமுருகி, ஓடிச்சென்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். மைந்தன் முதல் இரண்டு பகுதிகளைக் கூறுகிறான். மூன்றாவதைக் கூறத் தந்தை இடமளிக்கவில்லை. உயர்ந்த ஆடையும் மோதிரமும் பாதரட்சையும் கொண்டுவரப் பணிக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டதை அவர் ஏற்றார். கூலியாளாகும் வேண்டுகோளையோ ஏற்கவில்லை. இழந்த உரிமையை உழைத்து மீட்பதாகவே மனிதன் எண்ணுகிறான். கடவுளோ அதனை அருளாகத் தந்துவிடுகிறார். இவ்வுவமையின் உயிர் இங்கே இருக்கிறது.

கதை இத்துடன் முடியவில்லை. வயலிலிருந்து திரும்பிய மூத்தவன் ஆடல்பாடலின் ஒலி கேட்டு, உள்ளே வர மறுக்கிறான். தம்பியைத் ‘தம்பி’ என்று சொல்லவும் அவனுக்கு மனமில்லை. ‘உம்முடைய மகன்’ என்றே குறிப்பிடுகிறான். தந்தை அவனையும் தேடி வெளியே வந்து, அவன் ‘உன் சகோதரன்’ என்று நினைவூட்டுகிறார். வீட்டைவிட்டு அகலாமலே மூத்தவன் தந்தையின் உள்ளத்தைவிட்டு அகன்றிருந்தான். வீட்டுக்குள் தொலைந்த காசு அவனே. அவன் உள்ளே சென்றானா என்பதை உவமை கூறவில்லை. முறுமுறுத்த பரிசேயருக்கும், திரும்பி வந்தவரின் பழைய குற்றங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கும் அந்த விடை விடப்பட்டிருக்கிறது.

இவ்வுண்மையைத் தம் வாழ்விலே கண்டவர் புனித அகஸ்டின். வட ஆப்பிரிக்காவில் 354இல் பிறந்த அவர், 383இல் தம் அன்னை மோனிக்காவிடம் மெய்யை மறைத்துவிட்டு ரோமாபுரிக்குக் கப்பலேறினார்; அங்கிருந்து மிலான் நகருக்குச் சென்று சொல்லாட்சிக் கலை கற்பித்தார். அன்னையும் கடல் கடந்து அங்கே வந்து சேர்ந்தார். 387இல், ஈஸ்டர் திருநாளில், அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில், கடவுளை விட்டு நீங்குவதும் அவரிடம் மீள்வதும் கால்களால் கடக்கும் தூரமன்று என்பதை, இக்கெட்ட குமாரனை நினைவுகூர்ந்தே விளக்கினார்.

எபிரேயத் தீர்க்கதரிசிகள் ஆண்ட சொல்லுக்குத் ‘திரும்புதல்’ என்பது பொருள். சுவிசேஷத்தின் கிரேக்கச் சொல்லுக்கு ‘மனம் மாறுதல்’ என்பது பொருள். தமிழிலே வழங்கும் ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல் இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டுள்ளது. ஆகவே, பிறந்த மண்ணிலிருந்து எத்தனை காதம் அகன்று வாழ்ந்தாலும் நமக்கு அது குறையன்று. அயலூரிலும் இறைவனுக்கு அருகே வாழலாம். விலகிப் போனோம் என்று உணர்வோமாயின், கைநிறையக் கொண்டு செல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. திரும்பி வருவோர் நம் வாயிலில் நிற்பாராயின், அவர் கணக்கைக் கேளாது உள்ளே அழைத்துக்கொள்வோமாக.