நல்ல பயிற்சியாளர் யார்?



2025-ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, ஏனாத்தூர்த் தேநீர்க் கடை ஒன்றின் பலகையில் அமர்ந்திருந்த ஏழெட்டு இளைஞர்களிடையே பெரும் வாக்குவாதம் மூண்டிருந்தது. சொத்துத் தகராறோ தேர்தல் தகராறோ அல்ல. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஓவன் காயில் விலகிவிட்டார். அடுத்து யார் வரவேண்டும் என்பதே பேச்சு. உலகப் புகழ்பெற்ற ஒருவர் வேண்டும் என்றான் ஒருவன். ஐரோப்பியர் எவரேனும் போதும் என்றான் மற்றவன். நம் நாட்டவரே வேண்டும் என்று மூன்றாமவன் அடித்துக் கூறினான். குரல் உயர்ந்தது, விலகிச் சென்ற மனிதரைப் பற்றித் தகாத சொற்கள் வந்தன, ஒன்றாகப் பள்ளிக்குச் சென்ற நண்பர் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போயினர். அவ்வழியே வந்த என்னைப் பார்த்து ஒருவன், "ஹஜ்ரத், நீங்களே நியாயம் சொல்லுங்கள்" என்றான்.

மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கற்றுக்கொடுப்பவனை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி எடைபோடுவது என்பதே அங்கு எழுந்த கேள்வி. அது என் தொழிலையும், உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் தொடும் கேள்வியன்றோ!

புகழ் போதுமா?

முதலாமவன் கட்சியைப் பார்ப்போம். இத்தாலிக்காக 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற மார்கோ மாத்தராட்சி, 2014-இல் இவ்வணியின் பொறுப்பேற்றார். 2015-ஆம் ஆண்டுத் தொடரின் நடுவில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. அங்கிருந்து தொடர் வெற்றிகளால் மேலேறியது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தமையால், சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தது. இறுதியில் கோவா அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3-2 என வீழ்த்திக் கோப்பையை வென்றது. புகழ் வென்றது என்று கொண்டாடினோம். ஆனால் 2016-இல் அதே மாத்தராட்சியின் அணி ஏழாம் இடத்தையே பிடித்தது. புகழ் அப்போதும் அப்படியேதான் இருந்தது, வெற்றிதான் இல்லை.

அனுபவம் போதுமா?

இரண்டாமவன் கட்சிக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா அணியை நடத்திப் பழுத்த அனுபவம் பெற்ற ஜான் கிரெகரி, 2017-இல் வந்தார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதி ஆட்டத்தில், பெங்களூரு அணியை 3-2 என வென்று இரண்டாம் கோப்பையைப் பெற்றுத் தந்தார். நம் வியாசர்பாடியைச் சேர்ந்த தன்பால் கணேஷ் அவ்வணியில் ஆடியவர் என்பது நமக்குப் பெருமை. அடுத்த 2018-19 தொடரில் என்ன நடந்தது? அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். பத்து அணிகளில் கடைசி இடம்!

2019 டிசம்பரில், அணி கீழே தவித்துக்கொண்டிருந்தபோது ஓவன் காயில் வந்தார். கையில் இருந்த ஆட்டக்காரர்களைக் கொண்டே அணியை இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத அரங்கில், ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றார். பின்னர் ஜாம்ஷெட்பூர் சென்று 2021-22-இல் லீக் கேடயத்தை வென்றார். 2023-இல் சென்னைக்குத் திரும்பினார். முதல் ஆண்டு அணி பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. மறு ஆண்டு பதினோராம் இடத்துக்குச் சரிந்தது.

சிந்தித்துப் பாருங்கள். ஒரே மனிதர் ஓரிடத்தில் வெல்கிறார், வேறொரு காலத்தில் தோற்கிறார். அப்படியாயின் "சிறந்த பயிற்சியாளர் யார்?" என்னும் கேள்வியே குறையுடையது. "இந்த அணிக்கு, இந்த வேளையில், ஏற்றவர் யார்?" என்பதே கேட்கத் தக்க கேள்வி.

நம்மவர் என்றால் போதுமா?

மூன்றாமவன் கட்சிக்கும் சான்றுகள் உண்டு. மிசோரத்தின் சிறிய அணியான ஐசாலை 2017-இல் ஐ-லீக் வாகையர் ஆக்கிய காலித் ஜமீல், 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஆயினும் நம்மவர் என்பது மட்டுமே தகுதியாகிவிடாது. கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணியை 2018-19-இல் ஐ-லீக் வாகையர் ஆக்கியவர், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். உலகப் புகழ் எதுவும் இல்லாத அவர், ஸ்பெயின் நாட்டவர் சிலரையும், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம் இளைஞர்களையும் இணைத்து ஓர் அணியாக்கினார். அவரவர் திறனை அறிந்து, அவரவர்க்குரிய இடத்தில் நிறுத்தியதே அவ்வணியின் வலிமை.

ஆசிரியராக இருந்த பயிற்சியாளர்

வாசகர்களே, இவ்விடத்தில் ஒரு பெரியவரை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1950 முதல் 1963-இல் மறையும் வரை இந்திய அணியின் பயிற்சியாளராக விளங்கியவர். 1951-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-இல் ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கம்.

அந்த ஜகார்த்தாப் போட்டியின் தொடக்கத்தில் தென் கொரியாவிடம் 0-2 என நம்மவர் தோற்றனர். இறுதியில் அதே கொரியாவை 2-1 என வென்றனர். காயமுற்றுத் தலையில் தையலுடன் இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை, ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அவர் ஒரு கோல் அடித்தார். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். எதிரணியை ஆதரித்து ஆரவாரம் செய்த பெருங்கூட்டத்தின் நடுவே கிடைத்த வெற்றி அது. அப்போதே ரஹீம் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1963 ஜூன் 11 அன்று காலமானார். அதன் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிட்டவில்லை.

அவர் சிறுவர்களுக்கென, பலம் குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும் என்னும் விதியுடன் போட்டிகள் நடத்தியதாகக் கூறுவர். நாளைய கோப்பைக்காக அல்ல, பத்தாண்டுக்குப் பின் வரப்போகும் ஆட்டக்காரனுக்காக உழைப்பது அது. மாணவனிடம் உள்ள குறையைக் கண்டு ஏசுவது எளிது. அக்குறையைப் பலமாக மாற்றுவதே ஆசிரியப் பணி.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் பந்தாட்டத்துக்கு மட்டுமா? நம் ஊர்களில் மதரஸாவுக்கு ஓர் ஆசிரியரை எப்படித் தேடுகிறோம்? குரல் இனிமையா, பட்டம் பெரிதா, எந்தப் பெரிய ஊரிலிருந்து வருகிறார் என்று கேட்கிறோம். நம் பிள்ளைகள் எத்தகையோர், எதில் பின்தங்கியுள்ளனர், அவர்களுக்கு ஏற்றவரா என்று கேட்பவர் எத்தனை பேர்? ஆண்டு முடியுமுன் குறை கூறி அனுப்பிவிடுகிறோம். அடுத்தவர் வந்து முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார். நானே ஓர் ஊரில் பதினோரு மாதங்களில் பெட்டியைக் கட்டியவன். என்னை அனுப்பியவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. பாதியில் நின்ற பிள்ளைகளின் பாடத்தை நினைத்தால்தான் இன்றும் மனம் கனக்கிறது.

மறுநாள் மாலை அவ்விளைஞர்களிடம் நான் கூறியது இதுதான்: "யார் வேண்டும் என்று வாதிடுங்கள், தவறில்லை. கலந்து பேசுவது நல்ல வழக்கமே. ஆனால் பெயரைச் சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம்மிடம் இருக்கும் ஆட்டக்காரர்களை அவர் அறிவாரா? அவருக்குப் போதிய காலம் தருவோமா? அவர் போன பின்பும் நிலைக்கும் எதையாவது விட்டுச் செல்வாரா? விலகிச் சென்றவரைப் பற்றிப் பேசும்போது, அவரும் ஒரு குடும்பத்துக்கு உழைக்கும் மனிதர் என்பதை மறவாதீர்கள்."

பின்னர் அவ்வணிக்குக் கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டா பயிற்சியாளராக வந்தார். மூன்றாமவன் வென்றதாகக் கூத்தாடினான். மற்றவர்கள் பொறுத்துப் பார்ப்போம் என்றனர். முகம் திருப்பிச் சென்ற நண்பர் இருவரும் மீண்டும் ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் அருந்துவதைக் கண்டேன். வாதம் முடியவில்லை, நட்பு திரும்பியிருந்தது.

வாசகர்களே! உங்கள் ஊரில் ஓர் ஆசிரியரை அமர்த்தவோ, அனுப்பவோ கூட்டம் கூடும் நாளில், அம்மூன்று கேள்விகளையும் நீங்களும் கேட்பீர்களா?