செயற்கைக்கோளும் சம உயரக் கோடும்

புனே நகருக்குத் தென்மேற்கே, சஹ்யாத்திரி மலைத்தொடரில், சத்ரபதி சிவாஜியின் ராஜதானியாக விளங்கிய ராஜ்கட் கோட்டையும், அவர் இளம்பிராயத்திலேயே கைப்பற்றிய தோர்ணா கோட்டையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ராஜ்கட்டின் மேல் நின்று, கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவியிடம் தோர்ணா எங்கே என்று கேட்டால், மேற்கு-வடமேற்கே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் என்று அம்புக்குறியிட்டுக் காட்டும். விடை சரியானதே, ஆயினும் அந்த அம்பையே நம்பி நேராக நடப்பவர், சிறிது தூரத்திலேயே கால்வைக்க இடமில்லாத பாறைச் செங்குத்தின் விளிம்பில் போய் நிற்பார். மனிதர் நடக்கும் வழியோ, ராஜ்கட்டின் சஞ்சீவனி மாச்சி என்ற அரண் சூழ்ந்த மலைத்திட்டின் பக்கமுள்ள அளு தர்வாஜா என்ற வாயில் வழியாக இறங்கி, இரு மலைகளையும் இணைக்கும் குறுகலான முகட்டின்மீது வளைந்து வளைந்து சென்று, தோர்ணாவின் புதலா மாச்சியில் ஏறுகிறது. அந்த முகடு எங்கே தொடங்கி எப்படித் திரும்புகிறது என்பதை ஒரே பார்வையில் விரித்துக் காட்டுவது இந்திய நில அளவைத் துறையின் காகித வரைபடம்.

முதலில் கருவியின் சூட்சுமத்தைப் பார்ப்போம். தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளுக்கு இருமுறை பூமியை வலம்வரும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும், தன் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் இடையறாது வானொலி அலையில் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்பு வந்துசேரப் பிடித்த காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் கிடைத்தால் இடத்தை நிர்ணயித்துவிடலாம். ஆனால் நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் சாதாரணமானது; அது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும் என்பதால், கடிகாரத்தின் பிழையையும் கணக்கில் சேர்த்து, நான்காவது செயற்கைக்கோளின் துணையால் அதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். திறந்த வெளியில் சில மீட்டருக்குள் நம் இடத்தைச் சொல்லும் இக்கருவி, பெரிய பாறைச் சுவரின் அடியில், வானத்தின் பாதி மறைந்து சமிக்ஞையும் பாறையில் பட்டுத் திரும்பும்போது, சற்றே தடுமாறும்.

வரைபடத்தின் பெருமை வேறு விதமானது. 1:50,000 என்ற அளவில், தாளின் 2 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் ஓடும் சம உயரக் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்திருக்கும். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பூமியாதலால், சஹ்யாத்திரியில் இந்தக் கோடுகள் ஓரிடத்தில் தாராளமாக விலகி நின்று, அடுத்த அரை சென்டிமீட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, மறுபடியும் விலகும். நெருங்கும் இடம் செங்குத்து, விலகும் இடம் மலைத்திட்டு. கோடுகளின் முனை உயரமான பக்கம் நோக்கி வளைந்தால் அது ஓடை. தாழ்ந்த பக்கம் நோக்கி நீண்டால் அது முகடு. இவ்வளவையும் பழகிய கண் நிமிஷத்தில் படித்துவிடும். கைபேசியின் சிறு திரையில் இந்தப் பரந்த காட்சி கிடைப்பதில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆனால் ஆடி மாத மூடுபனி பத்தடிக்கு அப்பால் எதையும் காணவொட்டாமல் செய்யும் வேளையில், எதிரேயுள்ள மலையோடு வரைபடத்தை ஒப்பிட வழியேது? அப்போது கருவி சொல்லும் அட்சரேகையும் தீர்க்கரேகையுமே கதி.

இரண்டையும் இணைக்குமிடத்தில்தான் பலர் அறியாத ஓர் இடர் இருக்கிறது. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த மாபெரும் முக்கோண அளவையில், பூமியின் உருவத்துக்கு, லாம்டனுக்குப் பின் அந்த அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணித்த அளவுகளை ஆதாரமாகக் கொண்டார்கள். அது பாரத பூமிக்குப் பொருந்தும்படி அமைந்தது; பழைய வரைபடத் தாள்களும் அதன்படியே வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். கருவியோ உலகம் முழுமைக்கும் பொதுவான, பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்ட டபிள்யு.ஜி.எஸ்.-84 என்ற அளவை முறையைப் பின்பற்றுகிறது. ஆகவே கருவி காட்டும் எண்களை அப்படியே பழைய தாளில் குறித்தால், புனே வட்டாரத்தில் புள்ளி 100 மீட்டருக்கு மேல் விலகி விழும். தாளில் அது இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆயினும் அந்தக் குறுகலான முகட்டில் பாதைக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளி இந்த விலகலைவிடக் குறைவு. 2000 மே 2 வரையில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையும் 100 மீட்டர் வரை இருந்தமையால், அந்நாளில் இந்த வேற்றுமை அதற்குள் மறைந்துகிடந்தது. அந்தப் பிழை நீக்கப்பட்ட பின்னரே வெளிப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைப்படி வெளிவந்த பொதுவரிசைத் தாள்கள் டபிள்யு.ஜி.எஸ்.-84 முறையிலேயே அமைந்திருப்பதால், அவற்றை வைத்திருப்பவருக்கு இக்கவலை இல்லை. பழைய தாளின் பிரதியை வைத்திருப்பவர், கோயிலோ பாதைச் சந்திப்போ தாளில் தெளிவாகக் குறித்த ஓரிடத்தில் நின்று, கருவியின் எண்ணைத் தாளில் குறித்து, எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக்கொண்டால், அன்றைய நடை முழுவதற்கும் அந்தத் திருத்தம் போதும்.

இனி, இந்த நடைக்கு எந்தத் தாள் வேண்டும் என்று பார்ப்போம். பழைய வரிசையில் 47 எஃப் என்ற எண்ணுள்ளது 18 முதல் 19 பாகை வரையிலான அட்சரேகையும் 73 முதல் 74 வரையிலான தீர்க்கரேகையும் சூழ்ந்த பிரதேசம். அது கால் பாகைச் சதுரங்களான பதினாறு தாள்களாகப் பிரிகிறது. ராஜ்கட் 18 பாகை 15 கலைக்குச் சற்றே தெற்கே இருப்பதால் 12-ஆம் தாளின் மேல் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள்ளும், தோர்ணா அதற்கு வடக்கேயுள்ள 11-ஆம் தாளிலும் விழுகின்றன. ஒரே தாளை எடுத்துச் செல்பவருக்கு நடையின் ஒரு பாதி இருட்டாகிவிடும். எனவே இந்த நடைக்குப் புறப்படும் அன்பர்கள், இரு தாள்களையும் விளிம்பு சேர்த்து ஒட்டி, முகட்டின் திருப்பங்களைப் பென்சிலால் குறித்து, அவற்றின் எண்களைக் கருவியில் முன்னதாகவே பதித்து, தாளை நீர்புகாத உறையிலிட்டு, மாற்று பாட்டரிகளோடு எடுத்துச் செல்லவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.