ஏசி குழாய்க்குள் வெற்றிடம் ஏன்?

ஸ்ப்ளிட் ஏசி மாட்ட வருபவர் செம்புக் குழாயை இணைத்ததும் வேக்குவம் பம்பை எடுக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள். குளிர்பதன வாயு வெளி யூனிட்டுக்குள் அடைத்தே வருகிறது. குழாயில் இருப்பதோ வெறும் காற்று. அது வாயுவைப் போலத் திரவமாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். கம்ப்ரசர் திணறும், மின்கட்டணம் ஏறும். அதைவிடக் கெடுதல் ஈரம். கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுருளையே அரித்துவிடும்.

குழாயில் ஒட்டிய ஈரத்தைப் பம்பு எப்படி எடுக்கும்? கொதிக்கவைத்துத்தான்! அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் இறங்கும். காற்றழுத்தத்தில் 25-ல் ஒரு பங்குக்குக் கீழே போனால், 30 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகும். நல்ல பம்பு அழுத்தத்தை 500 மைக்ரான் வரை, அதாவது காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,500-ல் ஒரு பங்கு வரை இறக்கும். இதற்கு நேரம் பிடிக்கும், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

சிலர் வெளி யூனிட்டின் வால்வைச் சற்றே திறந்து, வாயுவாலேயே காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். இது தவறு. ஈரம் உள்ளேயே தங்கும். மேலும், வாயுவும் வெளியேறும்; இப்போது பரவலாக உள்ள ஆர்32 வாயு தீப்பற்றக்கூடியது. எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 670 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். பம்பை நிறுத்திய பின்னும் அழுத்தமானியின் முள் ஏறாமல் நின்றால் கசிவில்லை. அதன் பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.