தேர்வறை வாசலில் நிற்கும் கீபோர்டு

டிசம்பர் 3 வந்தால் மாவட்டத் தலைநகரங்களில் ஒரு பந்தல் முளைக்கும். மாற்றுத்திறனாளிகள் தினம். பாலித்தீன் உறை பிரிக்காத சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்க, அமைச்சரோ ஆட்சியரோ வழங்குவார். மறுநாள் பேப்பரில் படம் வரும். அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த நாற்காலி கிடைத்த பிறகுதான் பள்ளிக்கூடத்தையே பார்த்த பிள்ளைகள் உண்டு. ஆனால், எட்டு வயதுப் பிள்ளையைப் பெரியவர் அளவு நாற்காலியில் உட்கார வைத்தால் சக்கரத்துக்குக் கை எட்டாது. இரண்டு பக்கமும் தலையணை சொருக வேண்டும். முதுகு ஒருபுறமாகச் சாயும், வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் கோணலே நிலைத்துவிடும். காலை அளக்காமல் யாரும் செருப்புகூட வாங்குவதில்லை.

சரி, அளவான நாற்காலியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாய்தளமும் இருக்கிறது. (பல பள்ளிகளுக்கு அது வந்ததே, கட்டடம் வாக்குச்சாவடியாகவும் இருக்கிற புண்ணியத்தில்தான்.) வகுப்புக்குள் போனால் பெஞ்சும் டெஸ்க்கும் ஒன்றாகப் பற்றவைத்த இரும்புச் சட்டம். நாற்காலி அதனடியில் நுழையாது. பிள்ளை நடைவழியில் உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுத வேண்டியதுதான்.

கையே ஒத்துழைக்காத பிள்ளை என்ன செய்யும்? பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு விடை தெரியும், விரல் சொன்ன இடத்துக்குப் போகாது. தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு முதல் பக்கம் அழகாக வரும், மூன்றாம் பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். நம் தேர்வு முறையோ மூன்று மணி நேரம் பேனா பிடிக்கத் தெரிவதையும் சேர்த்தே பாடம் என்று நினைக்கிறது.

இவர்களுக்கு உதவும் பொருள்களில் பல அதிகக் காசு கேட்காதவை. கீகார்டு என்று ஒன்று இருக்கிறது. கீபோர்டின் மேல் பொருத்தும், துளை போட்ட பலகை. கையை அதன்மேல் ஊன்றிக்கொள்ளலாம். துளைக்குள் விரல் இறங்கினால்தான் எழுத்து விழும், பக்கத்து எழுத்து தவறிப்போய் அழுந்தாது. ஷிப்டையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாதவர்களுக்கு ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதி விண்டோஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. யாராவது அதைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவே.

தமிழில் இன்னொரு சௌகரியமும் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்டே தேவையில்லை, கிரந்தத்துக்குத்தான் தேவை. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு. நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். எல்லோரும் வேகமாக அடிக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு, ஒற்றை விரலால் தட்டும் பிள்ளைக்குப் பெரிய உபகாரம்.

அந்த ஒரு விரலும் இல்லையென்றால் ஸ்விட்ச். கன்னத்தாலோ முழங்காலாலோ அழுத்துகிற ஒரே ஒரு பொத்தான். திரையில் எழுத்துக் கட்டம். வெளிச்சம் வரிசை வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வந்ததும் ஓர் அழுத்து. பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும், இன்னோர் அழுத்து. நம் 12 உயிரையும் 18 மெய்யையும் அகரவரிசைப்படி, வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசையில் போட்டுப் பாருங்கள். ஒரு நகர்வுக்கு ஒரு விநாடி என்றால் ‘ந’வுக்கு 6, ‘ஆ’வுக்கு 3, கடைசி மூலையில் கிடக்கும் ‘ன’வுக்கு 11. ‘நான்’ என்று எழுத, புள்ளியைச் சேர்க்காமலே 20 விநாடி! தமிழில் எத்தனை சொற்கள் ‘ன்’ என்று முடிகின்றன! அந்த எழுத்தை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தாலே பாதி பாரம் குறையும். இரண்டு எழுத்து போட்டதும் முழுச்சொல்லைக் காட்டும் வசதி சேர்ந்தால் மீதியும் குறையும். இதையெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிசெய்யும் சிறப்பாசிரியர்தான் முக்கியம். பேச்சு வராதவர்களுக்காகப் படங்களைத் தொட்டால் குரல் தரும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவானபோதும், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் நிறுவனத்தில் பிள்ளைகளோடு பழகிய அனுபவம் அதற்குக் கைகொடுத்தது.

இப்படி வருடம் முழுக்கத் தட்டித் தட்டித் தேறிய பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் ‘சொல்வதை எழுதுபவர்’. அத்துடன் கூடுதல் நேரம். அந்த உதவியே போதும் என்கிறவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு அது இருக்கட்டும். ஆனால் பெருமூளை வாதத்தால் பேச்சும் குழறுகிற பிள்ளையின் விடை, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கும் ஒருவருக்கு எப்படிப் புரியும்? சொந்தமாக ஆள் அழைத்து வந்தால் அவருடைய படிப்பு ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 நெறிமுறை. காப்பி அடிப்பார்கள் என்ற பயம். பென்சீன் வளையத்தின் எந்த மூலையில் எதைப் போட வேண்டும் என்று, அதைப் படித்தே இராத ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள்.

எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்னை உள்ள விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத ஆள் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 40 சதவீத ஊனம் என்ற கோட்டைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. ஆள் கேட்பதற்கே இந்தப் பாடு என்றால், கருவி கேட்பவர் கதி?

இத்தனைக்கும் அதே 2018 நெறிமுறையில், கணினியில் தேர்வு எழுதுவதைத் தேர்வரே தெரிவு செய்யலாம், கணினியை முந்தின நாளே சோதித்துப் பார்க்கலாம் என்றும் இருந்தது. அதே ஆண்டு சி.பி.எஸ்.இ.யும் 10, 12ஆம் வகுப்புத் தேர்வுகளில் விடைகளைத் தட்டச்சு செய்ய லேப்டாப்பை அனுமதித்தது. இணையம் கூடாது, கணினி ஆசிரியர் பரிசோதிக்க வேண்டும். இரண்டும் நியாயமான நிபந்தனைகள். மூன்றாவதுதான் இடிக்கிறது: லேப்டாப்பை ‘ஃபார்மட்’ செய்து கொண்டுவர வேண்டும். ஃபார்மட் செய்தால் ஸ்விட்ச் மென்பொருள் போய்விடும். மாற்றியமைத்த எழுத்துக் கட்டம் போய்விடும். வருடம் முழுக்க அந்தப் பிள்ளையிடமிருந்து கணினி கற்றுவைத்த சொற்களும் போய்விடும். முந்தின நாள் கிடைக்கும் அந்த நேரத்தில் சிறப்பாசிரியரையும் கணினி ஆசிரியரையும் ஒன்றாக உட்கார வைத்து, எதை நீக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னால் போதும். அதற்குத் தனி நிதியும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். தேர்வு மையத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் முடிந்தது.